குட்டன் உட்கார்ந்த இடங்கள்

சந்திரவல்லியை மலையிலிருந்து இறக்கியே தீருவது என்று புரட்டாசி முதல் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு முடிவு செய்தேன். அந்நேரம் அவள் ஏறிய ஜீப் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியிருக்கும். என் முடிவைக் கேட்க நாய் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது. அதுவும் காலை அகட்டி உட்கார்ந்து வேறு சோலியில் இருந்தது.

அந்தச் சோலியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் யோசனை வந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுருளிவேல். வயது ஐம்பத்தைந்து. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் சல்லடை போடுகிறேன். மலையிலிருந்து மூட்டையாக வரும் காயை அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் முதல்தரக் காய் ஒரு குவியல், ஏழு மில்லி ஒரு குவியல், அதற்கும் கீழே உள்ளது ஒரு குவியல். ஒரு காயை உள்ளங்கையில் உருட்டினாலே அளவு சொல்லிவிடுவேன். வீட்டில் நான் எந்தக் குவியல் என்பது மட்டும் இதுவரை பிடிபடவில்லை.

சந்திரவல்லியும் அதே கடையில் காய் பொறுக்கியவள்தான். வரிசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பாள். நான் சல்லடையை ஆட்டும்போது தூசு அவள் பக்கம் போகும். தும்முவாள். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அப்படித்தான் கல்யாணம் ஆனது. மகள் சுகன்யாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த வருஷம், சாந்தன்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசராக அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். ஆறு வருஷம் ஆகிறது. திங்கள் விடியலில் ஏறுவாள். சனி இருட்டும்போது இறங்குவாள். ஞாயிறு முழுவதும் துணி துவைப்பாள். பிழியும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிடுவாள். போர்வையாக இருந்தால் இரண்டு நிமிஷம் எதிரெதிரே நிற்கலாம். வாரத்தில் எனக்குக் கிடைப்பது அந்தப் போர்வை நேரம்தான்.

நீ ஏறிப் போகலாமே என்பீர்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு வாந்தி வந்துவிடும். மொத்தம் பதினேழு வளைவு.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவள் ஜீப்பிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே ஒரு செவலை நாயும் குதித்தது.

“தனியாக் கெடக்கீகள்ல. தொணைக்கு இருக்கட்டும்.”

“தொணைக்கு நீ இருக்கலாமே.”

“நான் கொரைப்பனா?”

பதில் இருந்தது. சொல்லவில்லை.

நாயின் பெயர் குட்டன். மலையில் செல்லப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவார்களாம். “குட்டா” என்று அவள் கூப்பிட்டால் கடைசி எழுத்து காற்றில் கொஞ்ச நேரம் நிற்கும். என் பெயரை அவள் அப்படிச் சொன்னதில்லை. என் பெயரையே சொன்னதில்லை. ஆனால் மரியாதை உண்டு. என்னை ஒருநாளும் ஒருமையில் பேசமாட்டாள். சொல்லால் எவ்வளவு அடித்தாலும் மரியாதையோடுதான் அடிப்பாள்.

இப்போது யோசனைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. என்னைப் பற்றிய புகார் எதுவும் என்னிடம் வராது. குழாயை மூடாமல் போனாலும், சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாலும், நேரே சந்திரவல்லிக்குத்தான் போகும். அவள் மலையில் இருந்தாலும் போன் மலையேறிவிடும். அப்படியென்றால், குட்டன் உட்காரக்கூடாத இடங்களில் எல்லாம் உட்கார்ந்தால்? புகார் குவியும். நாயையும் தெருவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள இந்த ஆளால் ஆகாது என்று அவளுக்குப் புரியும். எஸ்டேட்டில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள்.

குட்டனைப் பழக்குவது சுலபமாக இருந்தது. அவன் காய் உலர்த்தும் ஸ்டோரில் பிறந்தவன். சிந்திய ஏலக்காயைத் தின்று வளர்ந்தவன். ஒரு காயைக் காட்டினால் எங்கே வேண்டுமானாலும் வருவான். சல்லடை போடுகிறவனின் சட்டைப் பையில் சாயங்காலம் நாலு காய் தானாகக் கிடக்கும். காயைக் காட்டிக் கூட்டிப்போவேன். உட்காரும் வரை நிற்பேன். முடித்ததும் கொடுப்பேன். மூன்றாம் நாளே எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

முதல் இடம் எதிர்வீட்டு ஒச்சம்மாள் வாசல். அவள் ஐந்தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே போவாள். அந்த இடைவெளி எங்களுக்குப் போதும்.

“ஏப்பா சுருளி, வாசலப் பாத்தியா?”

“கோலம் நல்லாருக்குக்கா.”

“கோலம் எங்க போட்டேன்? போட வந்த எடத்துல ஒன் நாயி போட்டு வச்சிருக்கு.”

“தெருவுல பதினோரு நாய் திரியுது. எது போட்டுச்சுன்னு எப்படிக்கா சொல்றது?”

“நான் ஒன்கிட்டச் சொல்ல வரல. வல்லிகிட்டச் சொல்லிக்கிறேன்.”

“சொல்லுங்கக்கா. கண்டிப்பாச் சொல்லுங்க. நம்பர் இருக்குல்ல?”

ஒச்சம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பாறையிலிருந்து எனக்குப் பத்து நிமிஷம். அன்றைக்கு ஆறரையிலிருந்தே போனைக் கையில் வைத்திருந்தேன்.

“ஒச்சம்மா அக்கா பேசுச்சு.”

“என்னவாம்?” என்றேன்.

“வீட்டுல பழைய பேப்பர் கெடக்கா?”

“கெடக்கு.”

“போறப்ப கையில கொண்டு போங்க. அள்ளி மடிச்சுக் குப்பையில போடுங்க. மதி.”

மதி என்றால் மலையாளத்தில் போதும். மலையேறிய பிறகு அவளிடம் தொற்றிக்கொண்ட சொல். எனக்கு எதுவும் போதவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இரண்டாவது இடம் ஜீப் நிறுத்தம். விடியலில் மலைக்குப் போகும் பெண்கள் அங்கேதான் நிற்பார்கள். சாப்பாட்டுப் பையையும் தூக்குவாளியையும் தரையில் வைத்துவிட்டு ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். குட்டனை ஐந்து மணிக்கே கூட்டிப்போனேன். இந்தப் புகார் என்னைவிட வேகமாக வேலை செய்தது. அந்தப் பெண்களோடு ஜீப்பிலேயே ஏறி எட்டு மணிக்கு எஸ்டேட் போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிப் போனில் எனக்கு வந்தது.

“ஒருத்தி தூக்குவாளிய அதுமேலயே வச்சுட்டாளாம்.”

“அடப் பாவமே. நீ வந்து ஒரு எட்டுப் பாத்தா நல்லது.”

“வந்து என்னத்தப் பாக்க? வாளியவா? லிங்கேஸ்வரன்ட்ட சொல்லியிருக்கேன். அந்த எடத்துல சுண்ணாம்புத் தூள் போடுவான். நீங்க நாயக் கட்டிக் கூட்டிட்டுப் போங்க.”

லிங்கேஸ்வரன் ஜீப் ஓட்டுகிறவன். அன்று முதல் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் இருந்தது. பெண்கள் அதைச் சுற்றி நின்றார்கள். சந்திரவல்லி பாறையை விட்டு இறங்காமலே இரண்டு புகாரைத் தீர்த்துவிட்டாள். அவளை அத்தனை சுலபமாக இறக்க முடியாது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடத்தை நான் தேடவில்லை. குட்டனே கண்டுபிடித்தான். தெரு முனையில் ஒரு வீடு பாதியில் நிற்கிறது. கட்டுகிறவர் வெளியூரில். வாசலில் சித்திரையிலிருந்து ஒரு மணல் குவியல் கிடந்தது. மணலைக் கண்டதும் குட்டனுக்கு நிதானம் வந்துவிடும். முகர்வான். சுற்றுவான். உட்கார்வான். பின்னங்காலால் மணலைத் தள்ளி மூடியும்விடுவான். புகார் வரவேண்டும் என்று கூட்டிவந்தால் அவன் தடயத்தை மறைத்துக்கொண்டிருந்தான். ஆனால் எனக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. அங்கிருந்து பார்த்தால் மலை முழுதும் தெரியும். மேகம் நகர்ந்தால் போடிமெட்டுச் சாலை ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் வேலையை அவன் பார்ப்பான். இப்படி ஒரு மாதம் போனது.

ஐப்பசி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணி போனில் அவள் சொன்னாள்.

“நாளைக்கு எறங்குறேன்.”

“நாளைக்கு புதன்கெழமை.”

“தெரியும்.”

வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. புதன்கிழமை கடைக்கு லீவு போட்டேன். வீட்டைக் கூட்டினேன். அவள் தலையணை உறையை மாற்றினேன். சந்தையில் அயிரை மீன் வாங்கினேன். நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி வாழையிலையில் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். ஜீப் நாலரைக்கு வந்தது.

இறங்கினாள். என்னைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

“முத்துப்பிரியா வீட்டுக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

முத்துப்பிரியா எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. தெருவில் எல்லாரும் பாப்பா என்போம். பாப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொறிந்து சொறிந்து பாதம் புண்ணாகியிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே தொடங்கி ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. தோலுக்கு அடியில் யாரோ பேனாவால் கிறுக்கியதுபோல.

“மொதல்ல சின்னப் புள்ளியாத்தான் இருந்துச்சுக்கா,” என்றாள் முத்துப்பிரியா. “தெனம் கொஞ்சம் நகருது. ராவுல தூங்க மாட்டேங்குறா. இவுக அப்பா லோடு ஏத்தி கேரளா போனவரு, இன்னும் வரல. யார்ட்ட சொல்றதுன்னு தெரியல. அதான் ஒங்களுக்குப் போன் போட்டேன்.”

மூன்று வீடு தள்ளி நான் இருக்கிறேன். பதினேழு வளைவுக்கு மேலே இருப்பவளுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பாவை நான் தூக்கிக்கொண்டேன். பூப்பொட்டலம் என் இன்னொரு கையில் இருந்தது. டாக்டர் இளவயதுப் பெண். பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

“மணல்ல வெறுங்காலோட வெளையாடுவாளா?”

“தெரு முனையில மணல் கெடக்குங்க. அங்கதான் நாளெல்லாம்.”

“நாய் வந்து போற மணலா?”

முத்துப்பிரியா என்னைப் பார்க்கவில்லை. சந்திரவல்லியும் பார்க்கவில்லை. நான் டாக்டரின் மேசையைப் பார்த்தேன்.

“நாயோட கொடல்ல இருக்குற கொக்கிப்புழு. கழிவுல முட்டை வெளிய வரும். ஈர மணல்ல ஒரு வாரம், பத்து நாள்ல புழுவாகி நிக்கும். வெறுங்கால் பட்டா தோலத் தொளச்சு ஏறிடும். அது நாய்க்குள்ள போக வேண்டியது. மனுச ஒடம்புல அதுக்குப் போக வழி தெரியாது. அதான் தோலுக்கடியிலயே சுத்திச் சுத்தி வருது. பயப்படாதீங்க. மூணு நாள் மாத்திரையில போயிரும்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “இன்னொரு புழு இருக்கு. அதோட முட்டை மண்ணோட சேந்து கையில ஒட்டி வாய்க்குள்ள போனா, கண்ணு வரைக்கும் போகும். சின்னப் புள்ளைகளுக்குப் பார்வையே போன கதை உண்டு. அந்த மணல எடுத்துருங்க. நாய்க்கும் பூச்சி மாத்திரை குடுங்க.”

பாப்பா அழவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, “அது என்ன தாத்தா?” என்றாள்.

சந்திரவல்லி பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். நாலு முழத்தையும் பாப்பா தலையில் சுற்றிவிட்டாள்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு மணல் குவியலுக்குப் போனோம். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல்மணலை வெட்டித் தள்ளினாள். நான் சட்டியில் வாங்கி வாங்கிப் பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் கொட்டினேன். ஓர் இடத்தில் மண்வெட்டியை நிறுத்தினாள். காய்ந்துபோன ஒன்றைக் குச்சியால் புரட்டினாள். உள்ளே ஏலக்காய் இருந்தது. செரிக்காமல், முழுசாக.

அடுத்ததையும் புரட்டினாள். அதிலும் ஒன்று. குனிந்து பார்த்தாள். பதினைந்து வருஷம் காய் பொறுக்கிய கண்.

“எட்டு மில்லி,” என்றாள்.

நானும் பார்த்தேன். எட்டு மில்லிதான்.

“தெரு நாய்க்கெல்லாம் எட்டு மில்லி காய் யாருங்க போடுறது?”

“கடையில தரையில கெடந்ததத் தின்னுருக்கும்.”

“குட்டன் கடைக்கு வர்றானா?”

“எப்பவாச்சும்.”

“ஒண்ணுல ஒரு காய். கணக்கா ஒரு காய்தான் தின்பானாக்கும்.”

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போனேன். அவள் மேலே கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு வரை இருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் முறையாகச் சேர்ந்தாற்போல் நாலு நாள். ஆனால் வீட்டில் இருக்கவில்லை. குட்டனை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மணலைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். வீடு வீடாகப் போனாள். என்ன பேசினாள் என்பது சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. ஒச்சம்மாள் சொல்லித் தெரிந்தது.

“தெருவுல எந்த நாயி போட்டாலும் இனி நீதான் அள்ளுவியாமே? நல்ல மனசுப்பா ஒனக்கு. வல்லி சொல்றப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாப்பாவப் பாத்து அவுகளே ஒத்துக்கிட்டாகன்னுச்சு.”

வீட்டுக்குள் போய்க் கேட்டேன்.

“நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

“மனசுக்குள்ள. ஒங்களுக்குத்தான் வெளிய சொல்ல வராதே.”

ஞாயிறு சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். நடுவில் குட்டன் படுத்துக்கொண்டான். மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் இருந்தாள். ஆனாலும் அவளைப் பார்க்க வேண்டும்போலவே இருந்தது. இது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

“ஏதாச்சும் சொல்லணுமா?” என்றாள், பூண்டைப் பார்த்தபடி.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

“அயிரை மீனு கெட்டுப்போச்சு,” என்றேன்.

“தெரியும்,” என்றாள்.

திங்கட்கிழமை விடியலில் ஜீப் வந்தது. பெண்கள் ஏறினார்கள். சந்திரவல்லி முன்னால் ஏறி உட்கார்ந்து, மடியைத் தட்டினாள். “குட்டா.” அவன் குதித்து ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“இவன எதுக்கு?”

“அங்க காடு இருக்கு. எங்க உக்காந்தாலும் உரம். இங்க இருந்தா ஒங்களுக்குத்தான் சோலி.”

“அப்ப எனக்குத் தொணைக்கு?”

“தெருவே இருக்கே.”

நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “நானும் வரட்டா?”

பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வரச் சொல்லிவிடுவாள் என்றுகூட நினைத்தேன்.

“மூணாவது வளைவுல எறக்கிவிட்டுட்டா, நீங்க நடந்து வந்து சேர மத்தியானம் ஆயிரும். இங்க அஞ்சரைக்கு ஒச்சம்மா அக்கா வாசல் தெளிக்கும். அதுக்குள்ள அள்ளியாகணும். போங்க.”

லிங்கேஸ்வரன் கியரைப் போட்டான். கண்ணாடியில் அவன் சிரித்தது தெரிந்தது.

அன்றிலிருந்து அள்ளுகிறேன். பதினோரு நாய். காலில் புதுச் செருப்போடு பாப்பா முன்னால் நடப்பாள். “இங்க ஒண்ணு தாத்தா,” என்று விரல் காட்டுவாள். பாதத்தில் கோடு மறைந்துவிட்டது. அதைத் தினமும் ஒரு முறை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஏன் தினமும் கேட்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. சில வீட்டுக்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். புகார் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை. புகாருக்கான வழி எல்லாவற்றையும் நானே அள்ளி மூடிக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் நாளும் வழக்கம்போல ஏழு மணிக்குப் போன் வந்தது.

“குட்டன் எப்படி இருக்கான்?” என்றேன். அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

“சோறு எறங்கல அவனுக்கு. பாதையவே பாத்துக்கிட்டுக் கெடக்கான். ஒங்க கொரலக் கேட்டாச் சரியாவான்போல. பாறைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். போன அவன் காதுல வைக்கிறேன். ரெண்டு வார்த்தை பேசுங்க.”

“நாய்கிட்ட என்னத்தப் பேச?”

“என்னமோ பேசுங்க. சார்ஜ் வேற கம்மியாருக்கு.”

காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு.

“குட்டா,” என்றேன். எனக்கு அந்த ராகம் வரவில்லை. “சாப்புடுடா. சாப்புடாமக் கெடந்தா யாருக்கு நஷ்டம்?”

மூச்சு.

“இங்க மழை. மணல் பக்கம் இப்ப நான் போறதில்ல.” போனை மறுகாதுக்கு மாற்றினேன். “ஒன்னயச் சொல்லிக் குத்தமில்லடா. காயக் காட்டிக் கூட்டிட்டுப் போனது நான்தான். ஒச்சம்மாக்கா வாசலுக்கும் நான்தான், ஜீப்பு நிறுத்தத்துக்கும் நான்தான். அவ கேட்டப்பப் பொய் சொல்லிட்டேன். புள்ள காலப் பாத்ததுக்கப்புறம் எப்படிச் சொல்ல? அவ எறங்கி வரணும்னுதான் செஞ்சேன். வேற ஒண்ணுமில்ல. இத்தன வருஷமாச்சு, கடையில சல்லடை ஆட்டுறப்ப எவளாச்சும் தும்முனா இன்னும் அவதான்னு நிமுந்து பாக்குறேன். ஞாயித்துக்கெழம போர்வை பிழியறப்ப வேணும்னே மெதுவாத்தான் முறுக்குவேன். அதெல்லாம் அவளுக்குத் தெரியாது.”

மூச்சு நின்றதுபோல் இருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

“நீயாச்சும் அவ பக்கத்துல இருக்க. எப்பத்தான் ஒரேயடியா எறங்குவான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுடா.”

“கேட்டுட்டேன்,” என்றாள் சந்திரவல்லி. “தையில காய் முடிஞ்சுதான் எறங்குவாளாம். குட்டன் அப்பவே சோத்துச் சட்டியத் தேடிப் போயிட்டான்.”